ஜீப்பைத் தூக்கினால் ஷாஃப்ட் ஏன் உறுமுகிறது?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வண்டி உழைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் அது மலையும் ஏற வேண்டும், நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் காபியும் மிளகும் இறங்குகின்றன. சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து அரூருக்கு ஆட்கள் ஜீப்பில் வந்து போகிறார்கள். பாலக்கோட்டுத் தக்காளி விடியும் முன்னே மண்டி சேர்ந்தாக வேண்டும். பென்னாகரத்தை ஒட்டிய கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப்போன படத்தைத் தேர்தல்தோறும் செய்தித்தாளில் பார்த்திருப்போம். இப்படிப்பட்ட ஊரில் ஜீப்போ பிக்கப்போ வைத்திருப்பவர்கள் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றுவது பழைய பழக்கம். பாரம் ஏற்றினால் வண்டி உட்காரக் கூடாது, பாதையில் துருத்தி நிற்கும் கல் அடியில் தட்டக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அண்மைக் காலமாகத் தார், ஜிம்னி, கூர்க்கா வாங்கும் இளைஞர்கள் இதையே ‘லிஃப்ட் கிட்’ என்ற பெயரில் ஐம்பது மில்லிமீட்டர், எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்று செய்துகொள்கிறார்கள்.

தூக்கிய வண்டி மலையில் சமர்த்தாகத்தான் ஓடும். கீழே இறங்கித் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துக் காரிமங்கலம் பக்கம் விரட்டும்போதுதான் தொல்லை தொடங்கும். “அறுபதுல ஒண்ணுமில்லண்ணா, எண்பதைத் தொட்டா சீட்டுக்கு அடியில உறுமுது” என்று டிரைவர் பட்டறையில் வந்து சொல்வார். கியர் கம்பி நடுங்கும், பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும். பிறகு சடங்குகள் ஆரம்பிக்கும். சக்கரத்துக்கு பேலன்ஸிங், அலைன்மென்ட், டயரை முன்பின் மாற்றுவது, ஷாஃப்ட்டுக்குப் புது கிராஸ், அதற்கும் அடங்காவிட்டால் என்ஜின் மவுண்ட், கிளட்ச். ஒவ்வொன்றுக்கும் பணம் போகும், உறுமல் மட்டும் போகாது. உயரம் கூட்டிய பிறகு வந்த அதிர்வு என்றால் பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. கெட்டிருப்பது கோணம். கோணத்தை அளக்காமல் பாகம் மாற்றுவது நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுகிற வேலை என்பதே என் உறுதியான கருத்து. கோணம் எப்படி அதிர்வாக மாறுகிறது என்பது புரிந்துவிட்டால், அளப்பது அரைமணி நேர வேலை.

கியர்பாக்ஸுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, இழுவையை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் இருக்கிறது. இனி அதையும் சேர்த்தே கியர்பாக்ஸ் என்கிறேன். அங்கிருந்து பின் அச்சின் பினியனுக்கு, அதாவது சுழற்சியை அச்சுக்குள் வாங்கிக்கொள்ளும் பற்சக்கரத் தண்டுக்கு, ஒரு ஷாஃப்ட்டும், முன் அச்சுக்கு இன்னொரு ஷாஃப்ட்டும் போகின்றன. கியர்பாக்ஸ் சேஸிஸில் கட்டப்பட்டது, அசையாது. அச்சு ஸ்பிரிங்கில் தொங்குவது, ஓயாமல் மேலும் கீழும் போகும். அதனால் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும். இரண்டு கவைகள், நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு கிராஸ், கிராஸின் நான்கு நுனியிலும் ஊசி பேரிங் கொண்ட தொப்பி. இதுதான் யுனிவர்சல் ஜாயிண்ட். இத்தாலியரான கார்டானோவின் பெயரால் சில நாடுகளிலும், ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரால் சில நாடுகளிலும் இது வழங்குகிறது. 1903இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் மூடிய உறைக்குள் எண்ணெயோடு இயங்கும் ஜாயிண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலியை விட்டுவிட்டு ஷாஃப்ட்டால் இழுக்கும் மோட்டார் வண்டிகள் பரவ அது துணைசெய்தது.

இந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. எந்த மெக்கானிக்கின் சாக்கெட் பெட்டியிலும் வளையும் தலை கொண்ட ஒரு சிறிய யுனிவர்சல் துண்டு கிடக்கும். அதை எடுத்து நாற்பது டிகிரி போல வளைத்துக்கொண்டு ஒரு முனையைச் சீராகத் திருப்பிப் பாருங்கள். மறுமுனை சீராகத் திரும்பாது. முந்திக்கொள்ளும், பிந்தும், மறுபடி முந்தும், மறுபடி பிந்தும். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு முறை. கையில் பிடித்தாலே அந்தத் துடிப்பு தெரியும்.

காரணம் வெறும் வடிவியல். ஒரு வளையலை நேராகப் பார்த்தால் வட்டம், சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டம். இழுக்கும் கவையில் மாட்டிய கிராஸின் இரு நுனிகள் ஒரு தளத்தில் வட்டமடிக்கின்றன. இழுபடும் கவையின் இரு நுனிகள் அதற்குச் சாய்ந்த வேறொரு தளத்தில் வட்டமடிக்கின்றன. ஒரு ஷாஃப்ட்டின் பக்கமிருந்து பார்த்தால் மற்றதன் வட்டம் நீள்வட்டமாக நசுங்கித் தெரியும். நான்கு நுனிகளும் ஒரே இரும்பில் செங்குத்தாகப் பிணைந்திருப்பதால், ஒன்று சீராகச் சுற்றினால் மற்றது சில இடங்களில் ஓடியும் சில இடங்களில் தங்கியும்தான் கூடவே வர முடியும். வளைவு 5 டிகிரி என்றால் வேகம் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடிக் குறையும். 8 டிகிரிக்கு 1 சதவீதம். 15 டிகிரிக்கு 3.5 சதவீதம். கோணம் இரட்டித்தால் ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஹூக் இதை 1676இல் வெளியிட்ட சிறு நூலில் எழுதியபோது மனதில் வண்டி ஏதும் இல்லை. அவர் வரைய விரும்பியது சூரியக் கடிகாரம். தரையில் கிடையாக வைத்த சூரியக் கடிகாரத்தில் மணிக்கோடுகள் சம இடைவெளியில் அமைவதில்லை. தர்மபுரி 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றை அமைத்தால் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் நிழல் 3 டிகிரிதான் நகரும். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் 52 டிகிரி தாவும். சூரியன் சீராகச் சுற்ற, நிழல் தங்கியும் தாவியும் போகிறது. வளைந்த மூட்டில் ஒரு ஷாஃப்ட் சீராகச் சுற்ற, மற்றது தங்கியும் தாவியும் போகிறது. இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே. மூட்டைச் சரியான கோணத்துக்கு வளைத்துவிட்டால் அதைத் திருப்பியே மணிக்கோடுகளை வரைந்துவிடலாம் என்று ஹூக் கண்டுகொண்டார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கோடு வரையப் பயன்பட்ட அதே குணம்தான் இன்று சீட்டுக்கு அடியில் உறுமுகிறது.

அப்படியானால் கம்பெனியிலிருந்து வரும் வண்டி ஏன் உறுமவில்லை? மூட்டு இரண்டு இருப்பதால். முதல் மூட்டு தரும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது மூட்டு அப்படியே எதிராகத் தந்து கழித்துவிடும். இதற்கு நிபந்தனை இரண்டு. கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், அதாவது இரு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை அவசரத்தில் மறந்துவிடுவார்கள். ஷாஃப்ட்டின் நடுவே நீளம் கூடிக் குறைய ஒரு ஸ்லிப் ஜாயிண்ட் உண்டு. அதைக் கழற்றி மாட்டும்போது பல்வரிசையில் ஒரு பல் தள்ளிப் போட்டாலே கவைகளின் தளம் மாறிவிடும். கால் சுற்றுத் தள்ளி மாட்டினால் ஏற்ற இறக்கம் கழிவதற்குப் பதிலாகக் கூடி இரட்டிப்பாகும். கழற்றும் முன் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்திவிட வேண்டும்.

இரு நிபந்தனையும் நிறைவேறினாலும் ஒன்று மிஞ்சும். பினியன் சீராகச் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் சீராகச் சுற்றுகிறது, ஆனால் இடையில் உள்ள ஷாஃப்ட் மட்டும் முந்தியும் பிந்தியும்தான் ஓடுகிறது. பல கிலோ எடையுள்ள அந்த இரும்புக் குழாயை விநாடிக்குப் பல பத்து முறை முடுக்கவும் பிடிக்கவும் வேண்டும். அந்த உதை இரு பக்கத் தாங்கிகளுக்கும் போகிறது. அதனால் கோணங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, சிறியவையாகவும் இருக்க வேண்டும்.

இனி வண்டியைத் தூக்குவோம். கணக்குக்கு ஒரு வண்டி. பின் ஷாஃப்ட்டின் நீளம் 90 செ.மீ. கியர்பாக்ஸ் தண்டும் பினியனும் தரைக்கு 4 டிகிரி சாய்ந்து ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. ஷாஃப்ட் 9 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆக இரு மூட்டிலும் 5 டிகிரி. பட்டை ஏற்றி உடலை 50 மி.மீ. உயர்த்தினால் ஷாஃப்ட்டின் சாய்வு 12 டிகிரியாகும், மூட்டுக் கோணம் 8 டிகிரியாகும். மூன்று டிகிரி கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான். ஆனால் ஷாஃப்ட் படும் சுழல் முடுக்கம் கோணத்தின் இருமடியாகப் போவதால் அது இரண்டரை மடங்காகிவிட்டது. ஷாஃப்ட் 9 மி.மீ. நீண்டும் இருக்கும். ஸ்லிப் ஜாயிண்ட்டில் அவ்வளவு பல்வரிசை வெளியே வந்துவிட்டதால் பிடிப்பு குறைந்து, பழைய வண்டியென்றால் அங்கே ஆட்டமும் சேரும்.

ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 50 செ.மீ. ஷாஃப்ட்டில் இதே 50 மி.மீ. ஏறக்குறைய 6 டிகிரியைக் கூட்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பின் ஷாஃப்ட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். வண்டியும் குட்டை. வில்லிஸ் வழிவந்த பழைய சி.ஜே. 3பி ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து கதவு ஜிம்னிக்கு 2590 மி.மீ.

சுழல் முடுக்கம் வேகத்துக்கும் இருமடியாகவே கூடும். வத்தல்மலை வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபோது இருந்ததைப் போல, நெடுஞ்சாலையில் 80இல் போகும்போது அது பதினாறு மடங்கு. மலை ஜீப்புகள் கோணல் ஷாஃப்ட்டோடு வருடக்கணக்கில் ஓடுவதும், அதே ஜீப்பைச் சேலத்துக்கு ஒரு சவாரிக்கு எடுத்ததும் டிரைவர் பதறுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். மலையில் வருவது வேறு வகை நடுக்கம். முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தி முதல் கியரில் கிளம்பும்போது வண்டி கடகடவென உதறுமே, அது. வளைந்த மூட்டு முறுக்கு விசையைக் கடத்தும்போது அதில் ஒரு பங்கைத் தண்டை வளைக்கப் பார்க்கும் விசையாக மாற்றிவிடுகிறது. 8 டிகிரியில் அந்தப் பங்கு ஏழில் ஒன்று. அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை திசை மாறி மாறிக் கியர்பாக்ஸ் மவுண்ட்டை ஆட்டும். ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும்போது அந்த ஆட்டம் உதறலாக உணரப்படும்.

இப்போது நோயறிதல். அதிர்வின் வேகத்தை எண்ணினாலே மூலம் பாதி தெரிந்துவிடும். தாரின் 255/65 ஆர் 18 டயருக்கு விட்டம் சுமார் 79 செ.மீ. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 9 முறை சுற்றும். அச்சின் கியர் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் 36 முறை சுற்றும். மூட்டுக் கோணத்தால் வரும் அதிர்வு சுற்றுக்கு இரண்டு என்பதால் 72. விநாடிக்கு ஒன்பது என்பது ஸ்டீயரிங்கிலும் உடம்பிலும் தெரியும் ஆட்டம், டயரையோ ரிம்மையோ பார்க்க வேண்டும். முப்பத்தாறு என்பது சீட்டில் தெரியும் நடுக்கம், ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருக்கிறது, நசுங்கியிருக்கிறது, அல்லது பேலன்ஸுக்காகப் பற்றவைத்திருந்த சிறு தகடு உதிர்ந்திருக்கிறது. எழுபத்திரண்டு என்பது காதில் விழும் உறுமல், இதுதான் கோணம். செல்போனிலேயே இதை அளக்கலாம். ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி போனின் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண்ணைப் படமாகக் காட்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் போனைத் தரையில் அழுத்திப் பிடிக்கட்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. போன் விநாடிக்கு 100 முறை மட்டும் அளப்பதாக இருந்தால் 72 ஹெர்ட்ஸ் அதில் 28 ஹெர்ட்ஸாகப் பொய்க்கோலம் காட்டும். குறைந்தது 150 முறையாவது அளக்கும் போன் வேண்டும்.

கருவி இல்லாதவர்களுக்கு இந்த மாவட்டமே ஒரு பரிசோதனைச் சாலையைத் தந்திருக்கிறது, தொப்பூர் கணவாய். என்ஜின் வண்டியை இழுக்கும்போது அச்சு எதிர்த்திசையில் திரும்பப் பார்ப்பதால் பின் அச்சின் பினியன் மூக்கு மேலே தூக்கும். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரம் என்ஜினை இழுக்கிறது, மூக்கு கீழே தாழும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டையே முறுக்கிக்கொள்வதால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே இருக்கும். சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கிக் கணவாய் ஏறும்போது உறுமி, இறங்கும்போது அடங்கினால் மூக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இறங்கும்போது மட்டும் உறுமினால் மூக்கு தாழ்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. எத்தனையோ உயிர்களை வாங்கிய இறக்கம் அது. சோதனை என்ற பெயரில் அங்கே நியூட்ரல் போடவே கூடாது, வேகமும் கூடாது. நியூட்ரல் சோதனையைக் காரிமங்கலம் பக்கத்துச் சமவெளியில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில் செய்யலாம். உறுமும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றியும் உறுமல் தொடர்ந்தால் என்ஜினுக்கும் கிளட்சுக்கும் இதில் பங்கில்லை.

பாரமும் ஒரு சோதனைதான். காலியாகத் திரும்பும்போது உறுமும் பிக்கப், தக்காளிக் கூடை அடுக்கியதும் அமைதியானால் வேறு சாட்சி தேவையில்லை. பாரம் ஸ்பிரிங்கை அமுக்கிப் பழைய கோணத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. அடுத்து, முன் ஷாஃப்ட். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டியென்றால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரு சக்கர இழுவையில் ஓட்டிப் பார்க்கலாம். முன் ஹப் விடுபடாத வண்டிகளில் லீவர் எந்த நிலையில் இருந்தாலும் முன் ஷாஃப்ட்டைச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கழற்றியதும் உறுமல் நின்றால் குற்றவாளி முன்னால். ஒன்றும் மாறவில்லையென்றால் பின்னால். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ரிம்மின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டுங்கள். சித்தேரிப் பாதையில் மழைக்குப் பின் போய்வந்த வண்டியில் செம்மண் அப்பிக் காய்ந்து கல்லாகியிருக்கும். அதைக் கழுவாமல் கோணம் அளப்பது வீண்வேலை.

அளக்கும்போது வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், வழக்கமான பாரத்தோடு. ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் எல்லா எண்ணும் பொய். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கவைகளைத் துடைத்து, கடைந்தெடுத்த தட்டையான பரப்பைக் கண்டுபிடியுங்கள். டிஜிட்டல் ரசமட்டம் இருந்தால் நல்லது, போனின் ரசமட்டமும் போதும். மூன்று அளவு வேண்டும். கியர்பாக்ஸ் தண்டின் சாய்வு, ஷாஃப்ட்டின் சாய்வு, பினியனின் சாய்வு. முதலிரண்டின் வித்தியாசம் ஒரு மூட்டின் கோணம், பின்னிரண்டின் வித்தியாசம் மற்ற மூட்டின் கோணம். இவ்விரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். சைபராகவும் இருக்கக் கூடாது, அரை டிகிரியாவது வேண்டும். துளியும் வளையாத மூட்டில் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று கிராஸில் பள்ளம் பறித்துவிடும்.

சரிசெய்வதில் நான் அடிக்கடி கேள்விப்படுகிற பெரிய தவறு ஆப்பு விஷயத்தில்தான். பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் சாய்வான இரும்பு ஆப்பு வைத்துப் பினியன் மூக்கை மேலே திருப்பினால் ஷாஃப்ட்டும் பினியனும் ஒரே நேர்கோட்டுக்கு நெருங்கும், பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன வண்டியில் இரு மூட்டும் 8 டிகிரியில் சமமாக இருந்தன. 3 டிகிரி ஆப்பு வைத்ததும் பினியன் மூட்டு 5 ஆகிவிடுகிறது, கியர்பாக்ஸ் மூட்டு 8இலேயே நிற்கிறது. இரண்டும் கழியாமல் மிஞ்சுவது 6 டிகிரிக்குச் சற்று மேல் வளைந்த ஒற்றை மூட்டுக்குச் சமம். எட்டிலிருந்து ஐந்தைக் கழித்தால் மூன்றுதானே என்று தோன்றும். இங்கே கழிவது கோணங்களின் இருமடி, 64இலிருந்து 25, மிச்சம் 39, அதன் வர்க்கமூலம் 6.2. பொறியாளர்கள் இந்த மிச்சத்தை 3 டிகிரிக்குள் அடக்கப் பார்ப்பார்கள். முன்பு ஷாஃப்ட்டோடு நின்ற உதறல் இப்போது பினியனுக்கும் அச்சுக்கும் போய்ச் சேரும். பட்டையின் பின்கண்ணைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷேக்கிளை நீளமாக மாட்டினாலும் இதே கதி. பட்டையின் பின்கண் தாழ்வதால் அச்சே திரும்பி மூக்கு தானாக மேலே போய்விடும். அங்கே ஆப்பு வேண்டியது எதிர்த்திசையில்.

மூக்கை ஷாஃப்ட்டை நோக்கித் திருப்பும் யோசனை தவறான யோசனையல்ல, வேறு ஷாஃப்ட்டுக்கு உரியது. டபுள் கார்டன் ஷாஃப்ட்டில் கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு கிராஸ்கள் அடுத்தடுத்து ஒரு கூட்டில் இருக்கும். மொத்த வளைவையும் அவை இரண்டும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டு, ஏற்ற இறக்கத்தைத் தங்களுக்குள்ளேயே கழித்துவிடும். ஆகவே கீழ் மூட்டுக்குக் கழிக்க வேண்டியது எதுவும் மிஞ்சுவதில்லை. அதை ஏறக்குறைய நேராக வைக்கலாம், இழுக்கும்போது மூக்கு தூக்கும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தாழ்வாக. குட்டை ஷாஃப்ட் வண்டியை 75 மி.மீ., 100 மி.மீ. தூக்குகிறவர்களுக்கு முழுமையான மருந்து இதுதான். விலை அதிகம், கிரீஸ் இட வேண்டிய இடமும் அதிகம்.

50 மி.மீ.க்குள் நிற்கிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கோணங்கள் சமமாக இருந்தால் அவற்றைச் சமமாகவே விட்டுவிட்டு, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை 15 அல்லது 20 மி.மீ. வாஷர் கொடுத்துத் தாழ்த்திப் பார்க்கலாம். கியர்பாக்ஸ் பின்பக்கம் தாழ்வதால் மேல் மூட்டின் கோணம் குறையும். பிறகு பினியனை அதற்கு இணையாகக் கொண்டுவரச் சிறு ஆப்பு. தாழ்த்தியதும் என்ஜின் முன்பக்கம் நிமிர்வதால் ரேடியேட்டர் ஃபேன் உறையில் உரசுகிறதா, சைலன்சர் குழாய் எங்காவது இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆப்பு இரும்பாக இருக்கட்டும், அலுமினிய ஆப்பு மலைப்பாதையில் படும் அடியில் விரிசல் விடும். ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட்டும் புது யூ போல்ட்டும் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். மூக்கை மிகவும் தூக்கிவிட்டால் பினியனின் முன் பேரிங்குக்கு எண்ணெய் ஏறாது. ஸ்லிப் ஜாயிண்ட்டில் பிடிப்பு குறைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஷாஃப்ட்டுக்கு நீளம் கூட்டி, மெஷினில் பேலன்ஸ் பார்த்தே மாட்ட வேண்டும். பற்றவைத்ததை அப்படியே மாட்டினால் 72ஐத் தீர்த்து 36ஐ விலைக்கு வாங்கியது போலாகும்.

நீளமான பிக்கப்பில் ஷாஃப்ட் இரு துண்டாக இருக்கும், நடுவில் ஒரு சென்டர் பேரிங். அங்கே பட்டை ஏற்றியவர்கள் ஆப்புக்குப் போகும் முன் அந்த பேரிங்கின் தாங்கியைச் சிறிது தாழ்த்திப் பார்ப்பது எளிய வழி. காயில் ஸ்பிரிங்கில் முழு அச்சு தொங்கும் ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் ஆப்பு வைக்க இடமே இல்லை. அச்சைப் பிடித்திருக்கும் கைகள்தான் அதன் சாய்வைத் தீர்மானிக்கின்றன, தூக்கும்போது அவை வட்டமடித்து அச்சைத் திருப்பிவிடுகின்றன. நீளம் மாற்றக்கூடிய கைகளோ, துளை தள்ளி அமைந்த புஷ்ஷோ போட வேண்டும். இவற்றின் முன் அச்சில் ஒரு இழுபறி உண்டு. ஷாஃப்ட்டுக்காகப் பினியன் மூக்கைத் தூக்கினால் ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணம் குறையும், நெடுஞ்சாலையில் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும். காஸ்டரைக் காப்பாற்றினால் ஷாஃப்ட் உறுமும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் தயங்காமல் காஸ்டரைக் காப்பாற்றுங்கள். உறுமும் வண்டியை ஓட்டி வீடு சேரலாம், அலையும் வண்டி லாரிக்கடியில் கொண்டுபோய் விடும்.

தாரில் முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு. டிஃபரன்ஷியல் உடலோடு கட்டப்பட்டிருப்பதால் தூக்கினாலும் முன் ஷாஃப்ட்டின் கோணம் மாறாது. மாறுவது சக்கரத்துக்குப் போகும் அரை அச்சுகளின் கோணம். அவற்றில் இருப்பவை வேகம் மாறாமல் கடத்தும் வேறு வகை மூட்டுகள், உறுமாது. ஆனால் எல்லைக்கருகில் வளைந்தே சுற்றுவதால் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், பிறகு திரும்பும்போது கடக் கடக் என்று சத்தம் கேட்கும். பின்பக்கம் முழு அச்சு என்பதால் அங்கே மேலே சொன்ன கணக்கு அத்தனையும் பொருந்தும்.

எவ்வளவு தூக்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். முழு அச்சு வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் குண்டு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வது உடல் மட்டும்தான். கோட்டூர், சித்தேரிப் பக்கத்துக் கல்பாதையில் முதலில் தட்டுவது அந்தக் குண்டு. அதை உயர்த்த டயரின் விட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை, அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு 30 அல்லது 40 மி.மீ. தூக்கினால் இந்த மாவட்டத்து மலைகளுக்குத் தாராளம். சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்திருக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை கேட்டுப் போகும்போது சர்வேயர் முதலில் ஸ்பிரிங்கையும் டயரையும்தான் குனிந்து பார்ப்பார். ஆகவே கிட் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதே நாளில், வண்டி கம்பெனி உயரத்தில் நிற்கும்போதே, மூன்று சாய்வுகளையும் அளந்து ஆர்.சி. உறைக்குள் எழுதி வையுங்கள். தூக்கிய பிறகு எந்த எண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்தச் சீட்டில் இருக்கும்.